ஓப்ரி ஹெர்பர்ட்

ஓப்ரி ஹெர்பர்ட் (ஏப்ரல் 3, 1880 – செப்டம்பர் 26, 1923) ஒரு பிரித்தானியப் போர்வீரரும், தூதுவரும், பயணியும், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆவார். முழுப்பெயர் ஓப்ரி நைஜல் ஹென்றி மாலினோ ஹெர்பர்ட் என்பதாகும். இங்கிலாந்தின் பழைமையான பிரபுக் குடும்பங்களுள் ஒன்றான கார்னர்வன் குடும்பத்தில் பிறந்த இவர், ஏறத்தாழ கண்பார்வையற்றவராக இருந்தும் முதலாம் உலகப் போரில் பங்கேற்றார். 1915 ஆம் ஆண்டு கல்லிப்போலியில் இறந்தவர்களை அடக்கம் செய்வதற்காக ஏற்பட்ட ஒரு நாள் போர்நிறுத்தத்திலும், 1916 இல் கூத் நகரின் வீழ்ச்சியின்போது துருக்கியத் தளபதியுடன் நடைபெற்ற பேச்சுவார்த்தையிலும் முக்கிய பங்காற்றினார். அல்பேனியா தனிநாடாக நிலைபெறுவதற்கு இவர் ஆற்றிய பணியின் காரணமாக, அந்நாட்டின் அரியணை இருமுறை இவரை நாடி வந்தது.

ஹெர்பர்ட் தம் வாழ்நாளில் தூதர் பதவி எதையும் வகித்தவர் அல்லர், அமைச்சராகவும் இருந்ததில்லை. மொழியறிவு, நண்பர் வட்டம், குடும்பப் பெயர் ஆகிய மூன்றைக் கொண்டே இவர் செயற்பட்டார். இவருடைய வெற்றிகளுக்கும் தோல்விகளுக்கும் இம்மூன்றின் வலிமையும் எல்லையுமே காரணமாக அமைந்தன.

குடும்பப் பின்னணி

ஹெர்பர்ட் 1880 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் நான்காம் கார்னர்வன் பிரபுவான ஹென்றி ஹெர்பர்ட். இவர் பழமைவாதக் கட்சி அரசுகளில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராகப் பணியாற்றியவர். 1867 ஆம் ஆண்டு கனடாவைக் கூட்டாட்சி நாடாக்கிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் இவரே. உருசியாவுக்கும் துருக்கிக்கும் இடையே போர் நடந்துகொண்டிருந்த 1878 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரதமர் டிஸ்ரேலி தார்தனெல்சு நீரிணைக்குக் கடற்படையை அனுப்ப முனைந்தபோது அதனை எதிர்த்துப் பதவி விலகினார். பின்னர் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக இருந்த 1885 ஆம் ஆண்டில், ஐரிய தேசியத் தலைவர் பார்னலை இலண்டனில் ஆளில்லாத ஒரு வீட்டில் இரகசியமாகச் சந்தித்துப் பேசினார். எதிர்த்தரப்பினருடன் நேரில் பேசிப் பார்க்கும் வழக்கம் இவ்வாறு தந்தையிடமே காணப்பட்டது.

தாயார் எலிசபெத் ஹவார்டு, கார்னர்வன் பிரபுவின் இரண்டாம் மனைவி. ஓப்ரி, மெர்வின் ஆகிய இருவரும் இவருடைய மக்கள். முதல் மனைவியின் மகனான ஜார்ஜ் ஹெர்பர்ட், தந்தை 1890 இல் இறந்தபோது ஐந்தாம் கார்னர்வன் பிரபு ஆனார். எகிப்தில் துட்டன்காமுன் கல்லறையைக் கண்டறிந்த அகழாய்வுக்குப் பொருளுதவி செய்தவர் இவரே. பிரபுப் பட்டமும் ஹைகிளேர் மாளிகையும் தமையனுக்குச் சென்றன. ஓப்ரி சோமர்செட் பகுதியில் டல்வர்ட்டனுக்கு அருகிலுள்ள பிக்ஸ்டன் இல்லத்தைத் தம் வாழ்விடமாகக் கொண்டார்.

கல்வி

ஹெர்பர்ட் ஈட்டன் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பாலியோல் கல்லூரியிலும் கல்வி பயின்றார். நவீன வரலாற்றுப் பாடத்தில் முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார். சிறுவயது முதலே இவருடைய கண்பார்வை மிகவும் குன்றியிருந்தது. பார்வை குறைந்தவராக இருந்தும், மாணவப் பருவத்தில் ஆக்ஸ்போர்டு நகரக் கட்டடங்களின் கூரைகள் மீது ஏறித் திரிந்து பெயர் பெற்றார்.

எழுத்தை விடக் காதையே மிகுதியாக நம்ப வேண்டிய நிலையில் இருந்த இவர், பல மொழிகளைப் பேசக் கற்றுக்கொண்டார். பிரெஞ்சு, இத்தாலியம், ஜெர்மன் ஆகிய மொழிகளுடன் துருக்கியம், அரபு, கிரேக்கம், அல்பேனியம் ஆகியவற்றிலும் இவருக்குப் பயிற்சி இருந்தது. பிற்காலத்தில் இவருக்குக் கிடைத்த பணிகளுக்கு இம்மொழியறிவே அடிப்படையாயிற்று.

தூதரகப் பணியும் பயணங்களும்

ஹெர்பர்ட் 1902 ஆம் ஆண்டு டோக்கியோவிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தில் மதிப்புறு உதவியாளராகச் சேர்ந்தார். அக்காலத்தில் செல்வக் குடும்பத்து இளைஞர்கள் ஊதியமின்றித் தூதரகங்களில் பணியாற்றி அனுபவம் பெறுவது வழக்கமாக இருந்தது. பின்னர் 1904 ஆம் ஆண்டு முதல் ஒட்டோமான் பேரரசின் தலைநகரான கான்ஸ்தாந்திநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இதே பொறுப்பை வகித்தார். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சி நடைபெற்ற காலம் அது.

அலுவலக வேலையை விடப் பயணங்களே இவரை மிகுதியாக ஈர்த்தன. யெமன், பாலைநிலப் பகுதிகள், பால்கன் மலைநாடுகள் ஆகியவற்றில் குதிரையிலும் கால்நடையாகவும் பயணம் செய்தார். செல்லுமிடங்களில் உள்ளூர் உடையை அணிவதும், பயணிகள் விடுதிகளில் தங்குவதும், வழிப்போக்கருடன் அவர்தம் மொழியில் உரையாடுவதும் இவருடைய இயல்பாக இருந்தன. 1907 ஆம் ஆண்டில் அல்பேனியப் பகுதிகளில் பயணம் செய்தபோது, கியாசிம் என்ற அல்பேனியரைத் தம் பணியாளாகவும் மெய்க்காவலராகவும் அமர்த்திக்கொண்டார். அல்பேனியர் மீது இவர் கொண்ட பற்று அப்போது தொடங்கி இறுதிவரை நீடித்தது.

1908 ஆம் ஆண்டு இளந்துருக்கியர் புரட்சி ஏற்பட்டது. அதன் பின்னர் கான்ஸ்தாந்திநோபிளில் தங்கியிருந்த காலத்தில், புதிய ஆட்சியின் தலைவர்களுள் ஒருவரான தலாத்துடன் ஹெர்பர்ட்டுக்கு அறிமுகம் ஏற்பட்டது. இத்தகைய தொடர்புகள், பின்னர் இரு நாடுகளும் பகை நாடுகளாக மாறியபோது புதிய பொருள் பெற்றன.

திருமணமும் நாடாளுமன்றமும்

1910 ஆம் ஆண்டு, ஐரியப் பிரபுவான நான்காம் டி வெசி பிரபுவின் மகள் மேரி வெசியை ஹெர்பர்ட் மணந்தார். இவர்களுக்கு கேப்ரியல், பிரிட்ஜெட், லாரா என்ற மூன்று பெண்களும், ஓபரான் என்ற மகனும் பிறந்தனர். மகள் லாரா பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஈவ்லின் வாவை 1937 இல் மணந்தார்.

1911 ஆம் ஆண்டு நடைபெற்ற இடைத்தேர்தலில் தெற்கு சோமர்செட் தொகுதியிலிருந்து பழமைவாதக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1918 முதல் இறக்கும் வரை யோவில் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். கட்சியின் நிலைப்பாட்டுக்கு மாறான கருத்துகளை வெளிப்படையாகக் கூறுபவராக நாடாளுமன்றத்தில் அறியப்பட்டார்.

அல்பேனிய விடுதலையும் இலண்டன் மாநாடும்

1912 ஆம் ஆண்டு முதல் பால்கன் போர் மூண்டது. ஒட்டோமான் படைகள் தோற்றுப் பின்வாங்கின. செர்பியா, மாண்டினீக்ரோ, கிரேக்கம் ஆகிய நாடுகள் அல்பேனியர் வாழும் நிலப்பகுதிகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள முனைந்தன. இந்நிலையில் இஸ்மாயில் கெமாலி தலைமையில் கூடிய அல்பேனியத் தலைவர்கள் நவம்பர் 28, 1912 அன்று வலோனா (விலோரா) நகரில் விடுதலையை அறிவித்தனர். எனினும் நாட்டின் எல்லைகளை முடிவு செய்யும் அதிகாரம் ஐரோப்பிய வல்லரசுகளிடமே இருந்தது. அவ்வரசுகளின் தூதர்கள் வெளியுறவு அமைச்சர் எட்வர்டு கிரேயின் தலைமையில் இலண்டனில் கூடினர்.

இம்மாநாட்டுக்கு வந்த அல்பேனியப் பிரதிநிதிகளுக்கு இலண்டனில் செல்வாக்குள்ள நண்பர்கள் எவரும் இல்லை. ஹெர்பர்ட் அவர்களுக்கு ஆலோசகராகவும், ஆங்கில அரசியல்வாதிகளுக்கு அவர்களை அறிமுகம் செய்பவராகவும் விளங்கினார். 1912 இன் இறுதியில் அல்பேனியக் குழு ஒன்றை அமைத்து அதன் தலைவரானார். பால்கன் பகுதிகளைப் பற்றி எழுதிவந்த எடித் டர்ஹாம் அம்மையாரும் அல்பேனியருக்காக இவருடன் இணைந்து உழைத்தார்.

1913 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் வல்லரசுகள் அல்பேனியாவைத் தனிநாடாக ஏற்றுக்கொண்டன. ஆயினும் கொசோவோ உள்ளிட்ட பெரும்பகுதி புதிய நாட்டின் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. அல்பேனியர்களில் பெருந்தொகையினர் அண்டை நாடுகளின் குடிமக்களாயினர்.

முதலாவது அரியணை அழைப்பு

புதிய நாட்டுக்கு ஓர் அரசர் தேவை என வல்லரசுகள் முடிவு செய்தன. அப்போது அல்பேனியத் தலைவர்கள் சிலர் ஹெர்பர்ட் அரசராக வேண்டும் என்று விரும்பினர். இது முறையான அழைப்பு அன்று. இருப்பினும் ஹெர்பர்ட் இதனை விருப்பத்துடன் எண்ணிப் பார்த்தார். குடும்ப நண்பரான பிரதமர் ஆஸ்குவித் இதனை ஊக்குவிக்கவில்லை. வெளியுறவு அமைச்சரும் ஆதரவு அளிக்கவில்லை. முடிவில் ஜெர்மானிய இளவரசரான வீட் நாட்டு வில்லியம் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1914 மார்ச்சு மாதத்தில் அல்பேனியாவுக்கு வந்த அவர், ஆறு மாதங்களுக்குள் நாட்டை விட்டு வெளியேறினார்.

முதலாம் உலகப் போர்

மேற்குப் போர்முனை

1914 ஆகஸ்டு மாதத்தில் போர் தொடங்கியபோது ஹெர்பர்ட்டுக்கு வயது 34. கண்பார்வை காரணமாக இவர் படையில் சேரும் தகுதி பெற்றிருக்கவில்லை. எனவே ஐரியக் காவற்படை அதிகாரிக்குரிய சீருடை ஒன்றைத் தைத்து அணிந்துகொண்டு, அப்படை பிரான்சுக்குப் புறப்பட்ட நாளில் வீரர்களுடன் கலந்து கப்பலில் ஏறினார். படையில் இருந்த நண்பர்கள் இதற்கு உடந்தையாயினர். பின்னர் இவர் மொழிபெயர்ப்பாளராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். சாதாரணக் குடியைச் சேர்ந்த ஒருவர் இவ்வாறு செய்திருந்தால் தண்டனை பெற்றிருக்கக்கூடும்.

மோன்ஸ் நகரிலிருந்து பிரித்தானியப் படை பின்வாங்கியபோது, செப்டம்பர் 1, 1914 அன்று வில்லேர் கொத்தரே காட்டில் கடும் சண்டை நிகழ்ந்தது. அதில் ஹெர்பர்ட் காயமடைந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். மார்ன் போரில் ஜெர்மானியர் பின்வாங்க நேர்ந்தபோது, முன்னேறி வந்த பிரெஞ்சுப் படையினர் இவரை மீட்டனர்.

கெய்ரோ

1914 நவம்பரில் ஒட்டோமான் பேரரசு ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. துருக்கியரை நன்கறிந்த ஹெர்பர்ட் அவ்வாண்டின் இறுதியில் கெய்ரோவிலிருந்த பிரித்தானிய உளவுத்துறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே டி. ஈ. லாரன்ஸ், தொல்லியலாளர் லெனர்டு ஊலி, ஜார்ஜ் லாயிட் ஆகியோர் இவருடன் பணியாற்றினர். பின்னாளில் 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற லாரன்சுக்கும் இவருக்கும் நட்பு ஏற்பட்டது இக்காலத்திலேயாகும்.

கல்லிப்போலி போர்நிறுத்தம்

ஏப்ரல் 25, 1915 அன்று நேச நாட்டுப் படைகள் கல்லிப்போலி மூவலந்தீவில் தரையிறங்கின. ஹெர்பர்ட், ஜெனரல் காட்லியின் தலைமையிலான நியூசிலாந்து-ஆஸ்திரேலியப் படைப்பிரிவில் மொழிபெயர்ப்பாளராகவும் உளவு அதிகாரியாகவும் இருந்தார். சில வேளைகளில் முன்னணி அகழிகளுக்குச் சென்று, அங்கிருந்து துருக்கிய மொழியில் உரத்த குரலில் பேசி எதிரி வீரர்களைச் சரணடையுமாறு அழைப்பதும் இவருடைய பணியாயிற்று. அதற்குப் பெரும்பாலும் குண்டுகளே மறுமொழியாக வந்தன.

மே 19 அன்று ஏறத்தாழ 40,000 துருக்கிய வீரர்கள் அன்சாக் பகுதியைத் தாக்கினர். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. துருக்கியரில் சுமார் 10,000 பேர் காயமுற்றும் இறந்தும் வீழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தவர்கள். இரு தரப்பு அகழிகளுக்கும் இடையேயான குறுகிய நிலத்தில் உடல்கள் வெயிலில் அழுகத் தொடங்கின. காயமடைந்தோர் சிலர் உதவியின்றி அங்கேயே கிடந்தனர். நோய் பரவும் அச்சமும் எழுந்தது.

உடல்களை அடக்கம் செய்யப் போர்நிறுத்தம் தேவை என ஹெர்பர்ட் வலியுறுத்தினார். தலைமைத் தளபதி இயன் ஹாமில்டனின் கப்பலுக்குச் சென்று இக்கருத்தை எடுத்துரைத்தார். போர்நிறுத்தத்தை முதலில் கோரியவர் என்ற பெயரை ஏற்க இரு தரப்பும் தயங்கின. மே 22 அன்று துருக்கிய அதிகாரி ஒருவர் கண்கள் கட்டப்பட்ட நிலையில் அன்சாக் தளபதிகளிடம் அழைத்துவரப்பட்டார். அவர் திரும்பும் வரை ஹெர்பர்ட் பிணையாளாகத் துருக்கியரிடம் சென்று தங்கினார்.

மே 24 அன்று காலை 7.30 மணி முதல் மாலை 4.30 மணி வரை போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பினரும் கொடிகளை நட்டு நிலத்தை இரு பகுதிகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு தரப்பும் தன் பகுதியில் கிடந்த உடல்களை அடக்கம் செய்தது. வீரர்கள் வெண்சுருட்டுகளையும் சீருடைப் பொத்தான்களையும் பரிமாறிக்கொண்டனர். ஹெர்பர்ட் நாள் முழுவதும் இரு தரப்புக்கும் இடையே சென்று பிணக்குகளைத் தீர்த்தார். மாலையில் துருக்கிய வீரர்கள் சிலர் இவரிடமே கட்டளை கேட்கும் நிலை ஏற்பட்டது. மறுநாள் நீங்கள் என்னைச் சுடுவீர்கள் என்று இவர் விடைபெறும்போது கூற, அங்கிருந்த அல்பேனிய வீரர்கள் அதனை மறுத்து ஆரவாரித்ததாக இவருடைய நாட்குறிப்பு தெரிவிக்கிறது. குறித்த நேரம் முடிந்த சிறிது பொழுதில் துப்பாக்கிச் சூடு மீண்டும் தொடங்கியது.

கூத் பேச்சுவார்த்தை

மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக்) ஜெனரல் டவுன்ஷென்டின் தலைமையில் பாக்தாதை நோக்கி முன்னேறிய 6ஆவது பூனா படைப்பிரிவு தோல்வியுற்றுப் பின்வாங்கி, தைகிரிசு ஆற்றங்கரையிலுள்ள கூத் நகரில் தங்கியது. இப்படைப்பிரிவினரில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். 1915 டிசம்பர் மாதத்தில் துருக்கியர் நகரை முற்றுகையிட்டனர். முற்றுகை 147 நாட்கள் நீடித்தது. உணவு குறைந்தபோது குதிரைகள் கொல்லப்பட்டன. சமய வழக்கம் காரணமாக இந்தியச் சிப்பாய்களில் பலர் குதிரை இறைச்சியை உண்ண நெடுநாள் மறுத்து, ஊட்டக்குறைவு நோய்களுக்கு ஆளாயினர். முற்றுகையை உடைக்க வந்த படைகள் சுமார் 23,000 பேரை இழந்தும் நகரை நெருங்க முடியவில்லை. வானூர்தி மூலம் போடப்பட்ட உணவும் போதவில்லை. 1916 ஏப்ரல் 24 அன்று உணவுப் பொருட்களுடன் அனுப்பப்பட்ட ஜூல்னார் என்ற நீராவிக் கப்பலும் துருக்கியரிடம் சிக்கியது.

அட்மிரல் வெமிசின் கீழ்க் கடற்படை உளவுப் பணியில் இருந்த ஹெர்பர்ட், அவருடன் மெசொப்பொத்தேமியாவுக்கு வந்திருந்தார். முற்றுகையிடப்பட்ட படையைப் பணம் கொடுத்து மீட்க முடியுமா எனப் பிரித்தானிய அரசு முயன்றது. முதலில் பத்து இலட்சம் பவுண்டும், பின்னர் இருபது இலட்சம் பவுண்டும் தர முன்வந்தது. ஒட்டோமான் போர் அமைச்சர் என்வர் பாஷா இதனை ஏற்கவில்லை. ஏப்ரல் 29, 1916 அன்று ஹெர்பர்ட், லாரன்ஸ், கர்னல் பீச் ஆகிய மூவரும் வெள்ளைக்கொடியுடன் துருக்கிய எல்லைக்குச் சென்றனர். கண்கள் கட்டப்பட்டு, துருக்கியத் தளபதி கலீல் பாஷாவிடம் அழைத்துச் செல்லப்பட்டனர். அதற்குள் டவுன்ஷென்ட் தம் பீரங்கிகளை அழித்துவிட்டுச் சரணடைந்திருந்தார். பேரம் பேச இவர்களிடம் ஏதும் எஞ்சவில்லை.

கலீல் பாஷா, என்வரின் சிறிய தந்தை முறையினர், வயதில் இளையவர். ஹெர்பர்ட் அவரைப் போருக்கு முன் கான்ஸ்தாந்திநோபிள் பிரித்தானியத் தூதரகத்தில் நடந்த நடன விருந்து ஒன்றில் சந்தித்திருந்தார். பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் நடைபெற்றது. நோயுற்றோரையும் காயமுற்றோரையும் மாற்றிக்கொள்ளக் கலீல் இணங்கினார். இதன்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். பிரித்தானியருக்கு உதவிய கூத் நகரத்து அராபியர்களைத் தண்டிக்க வேண்டாம் எனவும் கோரப்பட்டது. ஆனால் அவர்களுள் பலர் பின்னர் கொல்லப்பட்டனர்.

சரணடைந்த சுமார் 13,000 பேர் பாலைநிலத்தின் வழியே அனத்தோலியாவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். பசி, நோய், அடி ஆகியவற்றால் அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் போர் முடிவதற்குள் இறந்தனர். பிரித்தானியச் சிப்பாய்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியக் கைதிகளில் பல்லாயிரவர் இருப்புப்பாதை அமைக்கும் கடும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். தளபதி டவுன்ஷென்டோ கான்ஸ்தாந்திநோபிளுக்கு அருகில் ஒரு தீவில் வசதியான இல்லத்தில் வைக்கப்பட்டார்.

மெசொப்பொத்தேமியப் படையெடுப்பில் மருத்துவ வசதியும் போக்குவரத்தும் சீர்கெட்டிருந்ததை ஹெர்பர்ட் நேரில் கண்டார். இதனைக் கண்டித்து இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லினுக்குத் தந்தி அனுப்பினார். இது இந்திய அரசின் சினத்துக்கு இடமளித்தது. 1916 கோடையில் நாடு திரும்பிய பின் நாடாளுமன்றத்திலும் இதனை எழுப்பினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அமைக்கப்பட்ட மெசொப்பொத்தேமிய விசாரணைக் குழு 1917 இல் வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து சேம்பர்லின் பதவி விலகினார்.

போரின் பிற்பகுதி

துருக்கியுடன் தனியாகச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்பது ஹெர்பர்ட்டின் கருத்தாக இருந்தது. 1917 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் சுவிட்சர்லாந்து சென்று துருக்கியத் தரப்பினரைச் சந்தித்தார். ஆனால் இம்முயற்சி பலனளிக்கவில்லை. போரின் இறுதியில், அல்பேனியாவிலிருந்த இத்தாலியப் படையுடன் இணைந்து செயற்பட்ட பிரித்தானியக் குழுவுக்கு லெப்டினன்ட் கர்னல் தகுதியில் தலைமை வகித்தார்.

போருக்குப் பின்

அல்பேனியாவும் உலக நாடுகள் சங்கமும்

1915 ஏப்ரலில் இலண்டனில் கையெழுத்தான ஓர் இரகசிய ஒப்பந்தத்தில், இத்தாலி போரில் சேர்வதற்கு ஈடாக அல்பேனியாவைப் பங்கிட நேச நாடுகள் உடன்பட்டிருந்தன. இதனால் போர் முடிந்தபோது அல்பேனியா ஒரு நாடாகத் தொடருமா என்பதே ஐயத்துக்குரியதாயிற்று. 1920 கோடையில் அல்பேனியர் வலோனா பகுதியில் இத்தாலியப் படையை எதிர்த்துப் போரிட்டனர். ஆகஸ்டு மாதத்தில் இத்தாலி தன் படைகளை விலக்கிக்கொள்ள உடன்பட்டது.

இதன் பின்னர் அல்பேனிய அரசின் சார்பில் அரியணைக்கான அழைப்பு ஹெர்பர்ட்டை இரண்டாம் முறையாக வந்தடைந்தது. இதுவும் அதிகாரபூர்வமற்றதே. இம்முறை ஹெர்பர்ட், புதிதாகத் தொடங்கப்பட்ட உலக நாடுகள் சங்கத்தின் ஆதரவுடன் மட்டுமே இத்தகைய பொறுப்பை ஏற்க இயலும் எனக் கருதினார். சங்கத்தின் முதற் பொதுச்செயலாளர் எரிக் டிரம்மண்டு இவருடைய நண்பர். சங்கத்தின் முதல் அவையில் தென்னாப்பிரிக்காவின் பிரதிநிதியாக இருந்த ராபர்ட் செசில் பிரபு அல்பேனியாவுக்காக வாதாடினார். அல்பேனியக் குழுவுக்குப் பாதிரியாரும் எழுத்தாளருமான ஃபான் நோலி தலைமை தாங்கினார். டிசம்பர் 17, 1920 அன்று அல்பேனியா உலக நாடுகள் சங்கத்தில் உறுப்பு நாடாகச் சேர்க்கப்பட்டது.

எல்லைகள் உறுதி செய்யப்படாத ஒரு சிறு நாட்டுக்கு இந்த ஏற்பு பெரும் பாதுகாப்பாக அமைந்தது. உறுப்பு நாடொன்றைப் பங்கிடுவது இனி எளிதன்று. ஹெர்பர்ட் அரசராகவில்லை, 1928 ஆம் ஆண்டு அகமத் சோகு தம்மையே அரசராக அறிவித்துக்கொண்டார்.

அயர்லாந்து

அயர்லாந்து விடுதலைப் போரின்போது, 1920 ஆம் ஆண்டில் அரசுப் படையினர் பழிவாங்கும் வகையில் வீடுகளை எரித்ததையும் பொதுமக்களைக் கொன்றதையும் ஹெர்பர்ட் நாடாளுமன்றத்தில் கண்டித்தார். இவருடைய கட்சி அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தது குறிப்பிடத்தக்கது.

தலாத் பாஷாவுடன் சந்திப்பு

போர்க்கால ஒட்டோமான் அரசின் உள்துறை அமைச்சராகவும் பின்னர் தலைமை அமைச்சராகவும் இருந்த தலாத் பாஷா, ஆர்மீனிய இனப்படுகொலையின் முதன்மை அமைப்பாளராகக் கருதப்படுபவர். போருக்குப் பின் ஜெர்மனியில் மறைந்து வாழ்ந்த அவரை 1921 பிப்ரவரியில் ஹெர்பர்ட் சந்தித்தார். பிரித்தானிய உளவுத்துறையின் இசைவுடன் நடந்த சந்திப்பு இது. ஆர்மீனியர் படுகொலைக்குத் தாம் பொறுப்பல்லர் எனத் தலாத் இவரிடம் கூறினார். அடுத்த சில வாரங்களில், மார்ச்சு 15, 1921 அன்று, பெர்லின் நகரில் சொகோமோன் தெக்லிரியன் என்ற ஆர்மீனிய இளைஞரால் தலாத் சுட்டுக்கொல்லப்பட்டார். தெக்லிரியனை ஜெர்மானிய நீதிமன்றம் விடுதலை செய்தது.

எதிர்த்தரப்பினருடன் பழைய நட்பைப் பேணும் ஹெர்பர்ட்டின் இயல்பு கல்லிப்போலியில் உயிர்களுக்கு மதிப்பளிக்க உதவியது. அதே இயல்பு, பெருங்குற்றத்துக்குப் பொறுப்பான ஒருவரின் சொற்களையும் நண்பர் ஒருவரின் சொற்களாகக் கேட்கும் நிலைக்கு இவரைக் கொண்டுசென்றது.

மறைவு

வாழ்வின் இறுதியில் ஹெர்பர்ட் முற்றிலும் பார்வை இழந்தார். பற்களைப் பிடுங்கிவிட்டால் பார்வை திரும்பக்கூடும் என இவருக்கு அறிவுரை கூறப்பட்டது. உடலில் மறைந்துள்ள கிருமித் தொற்றே பல நோய்களுக்குக் காரணம் என்ற கருத்து அக்காலத்தில் மருத்துவர்களிடையே பரவியிருந்தது. பற்கள் பிடுங்கப்பட்டதைத் தொடர்ந்து குருதி நச்சேற்றம் ஏற்பட்டு, செப்டம்பர் 26, 1923 அன்று தம் 43 ஆவது வயதில் இலண்டனில் காலமானார். கிருமிகளை அழிக்கும் மருந்துகள் பயன்பாட்டுக்கு வராத காலம் அது.

தமையன் கார்னர்வன் பிரபு அதே ஆண்டு ஏப்ரல் 5 அன்று கெய்ரோவில் இறந்திருந்தார். இதனால் ஓப்ரியின் மறைவும் 'துட்டன்காமுன் சாபம்' என்ற பரபரப்புக் கதைகளில் சேர்க்கப்பட்டது. அகழாய்வுடன் ஓப்ரிக்கு நேரடித் தொடர்பு எதுவும் இருந்ததில்லை.

எழுதிய நூல்கள்

- 'மோன்ஸ், அன்சாக் அண்டு கூத்' (1919): மூன்று போர்முனைகளில் எழுதிய நாட்குறிப்புகளின் தொகுப்பு. நூலாசிரியர் பெயருக்கு மாறாக 'ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்' என்ற குறிப்புடன் முதலில் வெளிவந்தது. கல்லிப்போலி போர்நிறுத்தத்தையும் கூத் பேச்சுவார்த்தையையும் ஆராய்வோருக்கு இது முதன்மைச் சான்றாகும்.
- 'பென் கெந்திம்': கிழக்கு நாட்டுப் பயணங்களின் பதிவு. டெஸ்மண்டு மெக்கார்த்தி பதிப்பித்து, ஆசிரியரின் மறைவுக்குப் பின் வெளிவந்தது. தலைப்பு துருக்கிய மொழியில் 'நானே' எனப் பொருள்படும்.

நினைவும் மதிப்பீடும்

நாவலாசிரியர் ஜான் புக்கன் 1916 இல் வெளியிட்ட 'கிரீன்மேண்டில்' என்ற நாவலில் வரும் சாண்டி ஆர்பத்நாட் என்னும் பாத்திரம் ஹெர்பர்ட்டை முன்மாதிரியாகக் கொண்டது. இவருடைய பேர்த்தி மார்கரெட் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் 1983 ஆம் ஆண்டு வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலின் தலைப்பும் இதனையே சுட்டுகிறது. தாயார் எலிசபெத், மகனின் நினைவாக அல்பேனியாவில் அகதிகளுக்கென ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார்; அது ஹெர்பர்ட் என்ற பெயரைப் பெற்றது. சோமர்செட்டில் பிரஷ்ஃபோர்டு தேவாலயத்தில் இவருடைய நினைவிடம் உள்ளது. புது தில்லி நகரை வடிவமைத்தவர்களுள் ஒருவரான எட்வின் லட்டியன்ஸ் அதனை வடிவமைத்தார்.

இவருடைய பணிகளை மதிப்பிடுவோர் இரு செய்திகளைக் கருத்திற் கொள்ள வேண்டியுள்ளது. முதலாவது, இவருக்குத் திறந்த கதவுகளில் பல பிறப்பினால் திறந்தவை. சீருடை அணிந்து கப்பலேறியதும், பிரதமரிடமும் அமைச்சரிடமும் நேரில் பேச முடிந்ததும் பிரபுக் குடும்பத்தவர் என்பதனால் இயன்றவை. இரண்டாவது, அவ்வாய்ப்பைத் தமக்கென ஒரு பதவி தேடுவதற்கு இவர் பெரிதும் பயன்படுத்தவில்லை. இலண்டனில் குரலற்றிருந்த ஒரு சிறு மக்களினத்துக்காகவும், அகழிகளுக்கு இடையே கிடந்த இறந்தோருக்காகவும், கூத்தில் பட்டினி கிடந்த சிப்பாய்களுக்காகவும் இவர் பேசினார்.

தனிமனிதப் பேச்சின் எல்லையும் இவ்வாழ்க்கையில் தெளிவாகவே தெரிகிறது. இரு தரப்புக்கும் தேவை இருந்த இடத்தில், கல்லிப்போலியில், ஒன்பது மணி நேர அமைதி கிட்டியது. ஒரு தரப்பின் கை ஓங்கியிருந்த இடத்தில், கூத்தில், நோயாளிகளை மட்டுமே மீட்க முடிந்தது. அல்பேனியாவின் செய்தியில், மலைநாட்டு மக்களின் சொந்தப் போராட்டத்துடன் இவருடைய முயற்சியும் சேர்ந்தபோது நிலையான பயன் விளைந்தது.

இவர் உறுப்பு நாடாக்க உழைத்த அல்பேனியாவை 1939 ஏப்ரலில் இத்தாலி கைப்பற்றியது. எனினும் 1920 இல் உலகம் ஏற்றுக்கொண்ட அந்நாடு இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் தனிநாடாயிற்று. 1955 இல் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினரானது.